‘சுத்தம்’ என்று யார் சொன்னது?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஏ.ஏ.ஆர். கான்ட்ராக்டர்ஸ் என்றொரு நிறுவனம் 1990களில் கட்டடங்களிலிருந்து கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) அகற்றும் வேலையை எடுத்துச் செய்துவந்தது. ஏறக்குறைய பத்தாண்டுகளில் 1,550-க்கும் மேற்பட்ட இடங்கள். தொடக்கப் பள்ளிகள், தேவாலயங்கள், மருத்துவமனைகள், ராணுவக் குடியிருப்புகள் எல்லாம் அதில் அடக்கம். தண்ணீர் தெளித்து நனைத்து, தூசு வெளியேறாதபடி மூடி, மெல்ல எடுக்கவேண்டிய பொருளை அந்த நிறுவனத்தின் ஆட்கள் உலர்ந்தபடியே பிய்த்து எடுத்துவிட்டுப் போனார்கள். வேலை முடிந்ததும் காற்றைச் சோதித்து, மக்கள் மறுபடி உள்ளே வரலாம் என்று ஓர் ஆய்வகம் எழுதிக் கொடுத்தது. பள்ளி நிர்வாகிகளும் மருத்துவமனைக்காரர்களும் அந்தத் தாளை நம்பிக் கதவைத் திறந்தார்கள்.

அந்த ஆய்வகம் அகற்றும் நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாததாக இருந்திருக்க வேண்டும். மாநில விதியும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அகற்றும் நிறுவனத்தை நடத்தியவர்களில் ஒருவரே ஆய்வகத்திலும் ரகசியப் பங்குதாரர். 75,000 மாதிரிகள் வரை பொய் முடிவு எழுதப்பட்டதாக வழக்கில் வெளிவந்தது. 2004 டிசம்பரில் அந்த நிறுவனத்தை நடத்திய மகனுக்கு 25 ஆண்டும் தந்தைக்கு 19½ ஆண்டும் சிறை விதிக்கப்பட்டது. அமெரிக்காவில் சுற்றுச்சூழல் குற்றத்துக்கு அதுவரை யாருக்கும் அவ்வளவு நீண்ட தண்டனை கிடைத்ததில்லை.

தண்டனை கடுமையானதுதான். ஆனாலும் அந்தக் கட்டடங்களுக்குள் அத்தனை ஆண்டு நடமாடியவர்கள் மூச்சில் இழுத்ததை எந்த நீதிமன்றமும் திரும்ப எடுக்க முடியாது. கல்நார் இழை நுரையீரலில் தங்கினால் உடல் அதைக் கரைத்து வெளியேற்றுவதில்லை. ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய மெல்லிய உறையில் வரும் மீசோதீலியோமா எல்லாமே பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும். வெள்ளை, பழுப்பு, நீலம் என்று எந்த வகையானாலும் எல்லாக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பிரிட்டன் 1999-லேயே முழுத் தடை கொண்டுவந்துவிட்டது. இன்றும் அங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 5,000 பேர் பழைய கல்நாரால் இறக்கிறார்கள். மூச்சில் போகும் நாளில் இருமல் இல்லை, நாற்றம் இல்லை, கண்ணெரிச்சல் இல்லை. அதனால்தான் வேலை முடிந்தபின் தருகிற அந்தச் சான்றிதழுக்கு இவ்வளவு கனம். ஓர் இடம் சுத்தமாகிவிட்டதா என்று சொல்ல மனித உடலில் எந்தப் புலனும் இல்லை. வேறொருவர் பார்த்துச் சொல்வதை நம்பித்தான் உள்ளே போகிறோம்.

அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை ஒருமுறையாவது விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது. இந்தத் துறையில் மிக விரிவாக எழுதப்பட்ட நடைமுறை பிரிட்டனுடையது. எளிதில் உதிரும் கல்நாரை, அதாவது குழாயைச் சுற்றிய பழைய வெப்பக்காப்பு, கூரையில் அடித்த பூச்சு போன்றவற்றை, பாலித்தீன் தாளால் ஓர் அறைபோலக் கட்டி அடைத்து, உள்ளிருக்கும் காற்றை நுண்வடிகட்டி வழியாக இடைவிடாமல் வெளியே இழுத்தபடிதான் அகற்ற வேண்டும். வேலை முடிந்ததும் நான்கு கட்டச் சோதனை. முதலில், வேலை திட்டப்படி முழுதாக முடிந்ததா, சுற்றுப்புறம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, அடைப்புக்குள் நுழைந்து கண்ணால் அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது. மூன்றாவது காற்றுச் சோதனை. நான்காவது, அடைப்பைப் பிரித்தபின் அந்த இடத்தை மறுபடி பார்ப்பது. நான்கும் தேறினால்தான் மீண்டும் உள்ளே வரலாம் என்ற சான்றிதழ்.

பொதுவாக எல்லோரும் கேட்பது மூன்றாவதைத்தான். ‘காத்து டெஸ்ட் எடுத்தாச்சா, ரீடிங் எவ்வளவு?’ என்ற கேள்வியோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. அந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

சிறிய பம்ப் ஒன்று, 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமான மெல்லிய ஃபில்டர் வழியாகக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் என்ற வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 480 லிட்டர். பிறகு அந்த ஃபில்டரை அசிட்டோன் ஆவியில் காட்டிக் கண்ணாடிபோல ஆக்கி, நுண்ணோக்கியில் 500 மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள். நுண்ணோக்கிக்குள் தெரிவது 100 மைக்ரான் விட்டமுள்ள ஒரு சிறு வட்டம். ஃபில்டரின் வெவ்வேறு இடங்களில் அப்படி 200 வட்டங்களைப் பார்த்து, 5 மைக்ரானைவிட நீளமாகவும் 3 மைக்ரானைவிட மெல்லியதாகவும், அகலத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் நீளமாகவும் உள்ள இழைகளை எண்ணுவார்கள். 200 வட்டங்களில் 20 இழை இருந்தால், கணக்குப்படி அது ஒரு மில்லிலிட்டர் காற்றுக்கு 0.01 இழை. அதற்குக் கீழே இருந்தால் தேறிற்று.

இந்த 200 வட்டங்களின் பரப்பையும் கூட்டினால் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டருக்குச் சற்று மேல். காற்றுப் போன ஃபில்டர் பரப்போ 380 சதுர மில்லிமீட்டர். அதாவது எண்ணுகிறவர் பார்ப்பது ஏறக்குறைய 240-ல் ஒரு பங்கு. பம்பை ஒரு மணி நேரத்துக்குப் பதில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தினால், அதே 0.01 என்ற அளவுக்கு ஏழு இழைக்கும் குறைவாகவே கண்ணில் படும். புது ஃபில்டரிலேயேகூட ஓரிரு துகள் இழைபோலத் தெரியும் என்பதால், அவ்வளவு சிறிய எண்ணிக்கையிலிருந்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே அறிக்கை கையில் வந்ததும் கடைசி வரிக்கு முன்னால் பார்க்க வேண்டியது எத்தனை லிட்டர் காற்று, எத்தனை வட்டம் என்ற இரண்டையும். அந்த இரண்டும் எழுதப்படாத அறிக்கையை நான் அறிக்கையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று, இந்தச் சாதாரண நுண்ணோக்கிக்குக் கல்நாருக்கும் பஞ்சிழைக்கும் வித்தியாசம் தெரியாது. அது பரவாயில்லை, அந்தப் பிழை எண்ணிக்கையைக் கூட்டித்தான் காட்டும். ஆனால் மிக மெல்லிய இழைகள் அதன் கண்ணுக்கே தெரியாது என்பதுதான் பிரச்சினை. அமெரிக்கப் பள்ளிகளுக்கென்று 1987-ல் வந்த விதி, பெரிய அளவில் அகற்றிய இடங்களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியால்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னது இதனால்தான். வேலை நடந்த இடத்தில் ஐந்து, வெளியே ஐந்து, ஒப்பிட்டுப் பார்க்க மூன்று வெற்று ஃபில்டர் என்று மொத்தம் 13. ஐரோப்பிய ஒன்றியமும் 2023-ல் தன் விதியைத் திருத்தி, தொழிலிடக் காற்றின் உச்ச வரம்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து 0.01 ஆக்கியிருக்கிறது; எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மாற உறுப்பு நாடுகளுக்கு 2029 டிசம்பர் வரை அவகாசம்.

0.01 என்றதும் ஏதோ பூஜ்யத்துக்குப் பக்கம் என்று தோன்றும். ஒரு கன மீட்டர் காற்றில் அது 10,000 இழை. லேசான வேலை செய்கிற ஒருவர் எட்டு மணி நேரத்தில் இழுக்கும் காற்று ஏறக்குறைய 10 கன மீட்டர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். வேலை ஒழுங்காக முடிந்ததா என்று காட்டும் அந்த நேரத்து அடையாளம்தான் இந்த எண், ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கத் தகுந்த அளவு என்று இதற்குப் பொருளில்லை. பிரிட்டன் அரசின் வழிகாட்டியே இதைச் சொல்கிறது. ஆனால் பல இடங்களில் ‘0.01-க்குக் கீழே, ஆகவே பாதுகாப்பு’ என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் மேலே ஒரு சங்கதி. மூடிய அறையில் யாரும் அசையாமல் இருந்தால் இழைகள் மெல்ல மெல்லத் தரையில் படிந்துவிடும். அந்த நேரத்தில் பம்பை ஓட்டினால் எந்த அறையும் தேறிவிடும். திங்கட்கிழமை பிள்ளைகள் உள்ளே வந்து பெஞ்சை இழுக்கும்போதுதான் படிந்தது எழும்பும். ஆகவே சோதனை எடுக்கும்போது வேண்டுமென்றே தூசைக் கிளப்ப வேண்டும். பிரிட்டனில் துடைப்பத்தால் தரையையும் பரப்புகளையும் தட்டிப் பெருக்குவார்கள். அமெரிக்கப் பள்ளி விதியோ இலைகளை ஊதித் தள்ளுகிற ஊதுகருவியால் சுவர், கூரை, மூலை எல்லாவற்றையும் ஊதச் சொல்கிறது. அதன்பின் மின்விசிறி சுழலும்போதுதான் மாதிரி எடுக்க வேண்டும். தூசைக் கிளப்பினீர்களா என்று கேட்டால் சோதனைக்காரர் தயங்கினால், அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. ஈரம் காயாத தரையில் எடுத்தாலும் அப்படித்தான். பிசின் மருந்தை அடித்து மிச்சத்தை ஒட்டவைத்துவிட்டு எடுத்தாலும் அப்படித்தான்.

இதனாலேயே இரண்டாம் கட்டத்தை, கண்ணால் பார்ப்பதை, நான் காற்றுச் சோதனையைவிட மேலாக மதிக்கிறேன். நல்ல ஆய்வாளர் முகக்கவசமும் உடல் மூடிய உடையுமாக டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். விளக்கை நேரே அடிக்காமல் பரப்போடு பரப்பாகச் சாய்த்துப் பிடிப்பார். அப்போதுதான் படிந்த தூசு மேடுபோல நிழல் காட்டும். குழாய் சுவருக்குள் போகிற துளை, கிளாம்பின் பின்பக்கம், ஆணி பிடுங்கிய ஓட்டை, கேபிள் தட்டின் மேற்புறம், ஏணி வைத்து ஏறினால்தான் தெரிகிற பீமின் விளிம்பு என்று ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பார்ப்பார். ஓரிடத்தில் வெள்ளையாகக் கொஞ்சம் மிச்சம் இருந்தால் அங்கேயே நிறுத்தி, அகற்றியவர்களை மறுபடி சுத்தம் செய்யச் சொல்வார். அது தேறும்வரை பம்பை வெளியே எடுக்கவே மாட்டார். பெரிய பாய்லர் அறையாக இருந்தால் இதற்கே மணிக்கணக்காகும். அவசரப்படுகிறவர்கள் குறைக்கிற நேரமும் இதுதான். 2021-ல் திருத்தி வெளியிட்ட பிரிட்டன் வழிகாட்டி, இந்தக் கட்டத்தில் ஒளிப்படம் எடுத்து அறிக்கையோடு சேர்க்கச் சொல்கிறது. உள்ளே போகாமலே ‘பார்த்தாயிற்று’ என்று எழுதுவதைத் தடுக்க அது ஓரளவாவது உதவும்.

நேர்மையான ஆளும் சரியான கருவியும் இருந்தும் தவறான கேள்வி கேட்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் நகரமே சாட்சி. உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஒரு வாரம் ஆனபோது, 2001 செப்டம்பர் 18 அன்று, காற்று சுவாசிக்கப் பாதுகாப்பானது என்று அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் கிறிஸ்டீன் டாட் விட்மன் அறிவித்தார். மக்கள் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் திரும்பினார்கள். 2003-ல் அதே முகமையின் உள் கண்காணிப்பு அதிகாரி வெளியிட்ட அறிக்கை, அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்ல அன்று போதுமான தரவும் ஆய்வும் முகமையிடம் இல்லை என்று எழுதியது. வெளிக்காற்றில் எடுத்த சில அளவுகளை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகப் புகுந்து கம்பளத்திலும் சோபாவிலும் படிந்த தூசுக்கும் சேர்த்துப் பேசியதுபோல் ஆகிவிட்டது.

இனி நம் பக்கம் வருவோம். 1995 ஜனவரி 27 அன்று, நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்களுக்காக ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலைகள் காற்றில் இழையை அளக்க மேலே சொன்ன அதே ஃபில்டர் முறையைக் கடைப்பிடிக்க வேண்டும். இவை அந்தத் தீர்ப்பின் கட்டளைகள். ஆக, இந்தச் சோதனை நமக்கு அந்நியமானதல்ல. முப்பது ஆண்டாக நம் சட்டத்தின் பேச்சில் இருக்கிறது. ஆனால் அது தொழிற்சாலை வாசலோடு நின்றுவிட்டது. அந்தத் தொழிற்சாலை செய்த ஷீட் கூரையாகி, பழசாகி, பிரிக்கப்படும் இடத்தில் காற்றைச் சோதித்தாயா, தரையைப் பார்த்தாயா என்று கேட்பார் யாருமில்லை. வெள்ளைக் கல்நாருக்கு இந்தியாவில் தடை இல்லை. வெளிநாட்டிலிருந்து இன்றும் வந்து இறங்குகிறது. ஆகவே பிரிக்கப்பட வேண்டிய கூரைகள் இனியும் பல பத்தாண்டுக்கு இருக்கும்.

தமிழ்நாட்டில் கோழிப்பண்ணை, அரிசி ஆலை, பஞ்சாலைக் கிடங்கு, கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டு, மொட்டைமாடிக் கொட்டகை என்று ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இல்லாத தெரு குறைவு. பிரிக்கிற வேலையை எங்கேயும் பார்க்கலாம். துருப்பிடித்த ஜே போல்ட் கழலாது. சுத்தியலால் போல்ட்டைச் சுற்றி ஷீட்டையே உடைப்பார்கள். நீளம் அதிகமானால் கட்டிங் மெஷினைப் போட்டு அறுப்பார்கள். அறுக்கிறவர் புருவத்திலும் இமையிலும் வெள்ளையாகப் படியும், வாயில் ஒரு துண்டு கட்டியிருப்பார். உடைந்ததை மேலேயிருந்து கீழே எறிந்து, மாலையில் தென்னந்துடைப்பத்தால் பெருக்கி, பள்ளத்தை நிரப்பக் கொட்டிவிடுவார்கள். உடையாத ஷீட் பழைய சாமான் கடைக்குப் போய், இன்னொரு வீட்டு மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும். வேலைக்குப் போனவரின் சட்டையை வீட்டில் உதறித் துவைக்கிறவரும் இதே தூசைத்தான் சுவாசிக்கிறார்.

சிமெண்டில் கலந்த ஷீட்டில் கல்நார் எடையில் சுமார் 8 முதல் 10 சதவீதம். சிமெண்ட் இழையைக் கட்டிப் பிடித்திருக்கும்வரை ஆபத்து குறைவு என்பது உண்மை. அதை முழுசாகக் கழற்றி முழுசாக இறக்கினால், பாலித்தீன் அறை கட்டி நான்கு கட்டச் சோதனை செய்ய வேண்டும் என்று பிரிட்டனிலும் பொதுவாகக் கேட்பதில்லை. ஆனால் அறுத்தாலும் உடைத்தாலும் கணக்கு மாறிவிடும். மழையும் வெயிலும் பட்டு மேற்பூச்சு அரித்துப் பாசி பிடித்த ஷீட்டில் இழைகள் ஏற்கெனவே மேலே துருத்திக்கொண்டிருக்கும். வெப்பத்தைக் குறைக்க வெள்ளை பெயிண்ட் அடிப்பதற்கு முன் அதைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், பிரஷர் பம்பால் பீய்ச்சி அடிப்பதும் இப்போது பரவலாகிவிட்டது. அது உடைப்பதற்குச் சமமான கெடுதல்.

திறந்தவெளியில் பிரித்த கூரைக்குக் காற்றுச் சோதனை எடுத்து எண் காட்டினால் நான் நம்ப மாட்டேன். காற்றடித்தால் எல்லாம் கலைந்து அளவு குறைவாகவே காட்டும். மண்ணில் கிடக்கிற சில்லுகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அங்கே வேண்டியது கண்ணால் பார்க்கிற சோதனை. வேலை தொடங்குமுன் கீழே தார்ப்பாய் விரித்ததிலிருந்து, கடைசிச் சில்லைக் கையுறையோடு பொறுக்கி எடுக்கும்வரை, வேலை எடுக்காத மூன்றாவது ஆள் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். வகுப்பறை, ஃபால்ஸ் சீலிங் உள்ள அலுவலகம், ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றிய பழைய பாய்லர் அறை போன்ற மூடிய இடமென்றால் கண்பார்வையும் வேண்டும், காற்றுச் சோதனையும் வேண்டும். கையில் பிடித்துப் பார்க்கிற பிஎம் 2.5 மீட்டரைக் காட்டி ‘பச்சை விளக்கு எரியுது சார்’ என்பவரை அனுப்பிவிடுங்கள். தூசின் மொத்த அளவைக் காட்டும் கருவி அது. அதில் கல்நார் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

பள்ளித் தாளாளர், ஆலை மேலாளர், அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் போன்றவர்கள் ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே சிலவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அகற்றுகிறவருக்கும் சோதிக்கிறவருக்கும் பணம் தனித்தனியாகக் கட்டட உரிமையாளரிடமிருந்தே போக வேண்டும். ‘டெஸ்டிங்கும் நாங்களே பார்த்துக்கிறோம், ஒரே பில்லா போட்டுடலாம்’ என்ற பேச்சை ஏற்கவே கூடாது. தொடக்கத்தில் சொன்ன நியூயார்க் மாநில வழக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உதிரும் வகைக் கல்நாரை அகற்றினால் சான்று தருகிறவர் அகற்றியவரோடு தொடர்பில்லாத, உரிமம் பெற்ற மதிப்பீட்டாளராக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நம்மிடம் அப்படியொரு உரிமம் பெற்றவரைத் தேடி அலைய முடியாது என்றாலும், என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் உண்டு. அந்த அங்கீகாரம் கல்நார் இழை எண்ணுவதற்கும் உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும். தண்ணீர் சோதிக்க வாங்கிய அங்கீகாரம் இதற்குச் செல்லாது. வேலை நடக்கும்போதே அடைப்புக்கு வெளியே ஒரு பம்ப் ஓட வேண்டும். ஆஸ்திரேலிய வழக்கப்படி அங்கே 0.01 வந்தால் காரணம் தேடுவார்கள், 0.02 வந்தால் வேலையை நிறுத்துவார்கள். நாமும் அதையே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

கழிவு எங்கே போனது என்பதும் சான்றின் ஒரு பகுதிதான். ஷீட்டையும் சில்லையும் நனைத்து, தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே எழுதி ஒட்டி அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் அபாயகரக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்ததற்கான ரசீது வரும்வரை அகற்றியவருக்குக் கடைசித் தவணையைத் தர வேண்டாம்.

எல்லாம் முடிந்து கோப்பு கைக்கு வந்ததும் அலமாரியில் போட்டு மறந்துவிடக் கூடாது. எத்தனை லிட்டர், எத்தனை வட்டம், எத்தனை இழை, தூசு கிளப்பப்பட்டதா, கண்ணால் பார்த்தவர் யார், எவ்வளவு நேரம் பார்த்தார், ஒளிப்படங்கள், கழிவு ரசீது, அன்று அங்கே வேலை செய்த ஒவ்வொருவரின் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் தொழிலாளியின் பதிவேட்டுக்கு வைத்த 40 ஆண்டு என்ற கணக்கையே இதற்கும் வைத்து, கட்டடப் பத்திரத்தோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். அன்று கூரைமேல் ஏறிய இருபது வயதுப் பையன் அறுபது வயதில் மூச்சிரைத்து மருத்துவரிடம் போகும்போது, எங்கே வேலை செய்தீர்கள் என்று அவர் கேட்பார். காட்டுவதற்கு அந்தத் தாள் கிடைக்க வேண்டும்.